லைசனின் இன்னொரு மகள்

நசோம்பே மிஷனில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் கட்டியபோது அதன் செங்கல்லுக்கு மண் மிதித்த பெண்களில் எலுபியும் ஒருத்தி. பேர் சொல்லவே ஊர் கூசிய அந்த நோய் வீட்டுக்கு வீடு ஆளெடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பெற்றவர்கள் போன பிள்ளைகளைச் சிஸ்டர் மொடெஸ்தா கோயிலின் பின்னறையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தார். இடம் போதவில்லை. மழைக்காலம் முடிந்ததும், பாதர் மாமரங்களுக்கு அந்தப்பக்கம் மூலை மூலைக்கு முளை அடித்தார். ஊர்ப்பெண்கள் கரையான் புற்றுகளை இடித்து மண் கொண்டுவந்தார்கள். ஆண்கள் சூளை அடுக்கினார்கள். வேலை செய்தவர்களுக்கு மிஷன் மக்காச்சோளம் அளந்தது.

எலுபி மிதித்தால் மண் மாவாகும். சேலைபோல் இடுப்பில் சுற்றிய துணியை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள்.

"யாரை நினைச்சுக்கிட்டுடி மிதிக்கிற? பாவம், நசுங்கிப் போயிருப்பாங்க" என்று கேட்டாள் மாகிரேத்தி. மிஷனில் துணி துவைக்கிறவள், எலுபிக்கு மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"தெரிஞ்சுகிட்டே கேக்குறியாக்கா?"

"தெரியும். ஆனா செத்தவங்களை எத்தனை தடவைதான் மிதிப்ப?"

செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் லைசன், எலுபியின் புருஷன். சந்தை முனையில் சைக்கிள் பழுது பார்த்தவன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாட்டுப் பாடுவான். பஞ்சர் இல்லாதவர்கள்கூடக் காற்று அடிக்க வந்து நிற்பார்கள். இன்னொருத்தி எம்மலியா. எல்லைக்கு அந்தப்பக்கம் சண்டை நடந்தபோது மொசாம்பிக்கிலிருந்து ஓடிவந்தவள். சந்தையில் மாவுப் பலகாரம் சுட்டு விற்றாள். எலுபியின் உரலில்தான் சோளம் இடிக்க வருவாள். இரண்டு பேரும் உலக்கையை மாற்றி மாற்றிப் போட்டுச் சிரித்த நாட்கள் உண்டு. எலுபி மகள் உலேமுவை வயிற்றில் சுமந்திருந்தபோது, லைசன் எம்மலியாவைக் கூட்டிக்கொண்டு முலான்ஜே மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். வருஷங்கள் கழித்து அவன் செத்த சேதி வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அவள் செத்த சேதியும் வந்தது. எலுபி இரண்டுக்கும் அழவில்லை. அழுதால் ஊர் பார்க்கும் என்று மட்டும் நினைத்தாள்.

இல்லம் எழும்பியது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு நீள அறை, வரிசையாக இரும்புக் கட்டில். ஆள் துணை இல்லாதவள் என்று பார்த்துச் சிஸ்டர் எலுபிக்குச் சமையல் வேலை கொடுத்தார். கட்டில்கள் குறைச்சல், பிள்ளைகள் அதிகம். அதனால் மிஷன் ஒரு விதி வைத்திருந்தது: சொந்தம் என்று சொல்ல ஒருத்தர் இருந்தாலும் அந்தப் பிள்ளை அங்கே போக வேண்டும், இல்லத்தில் இடமில்லை.

விடியலில் மணி அடிக்கும். பிள்ளைகள் குழாயடியில் வரிசை கட்டுவார்கள். கஞ்சி, ஜெபம், பள்ளிக்கூடம். மதியம் மக்காச்சோளக் களியும் துவரைக் குழம்பும். சில நாள் பூசணி இலை, சில நாள் காய்ந்த பொடிமீன். எலுபி ஆளுயரத் துடுப்பால் களி கிண்டுவாள். வேர்வை மூக்கில் சொட்டும். வேலை முடிந்தால் மலைப்பக்கம் இருந்த தன் புல்வேய்ந்த வீட்டுக்குப் போவாள். அங்கே மகள் உலேமு அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பாள். அங்கேயும் களிதான். துவரை இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து மிஷன் லாரி புதுப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தது. எலுபி சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியாக இறங்கிய பெண் குழந்தை யாருடைய கையையும் பிடிக்கவில்லை. தானே டயரில் கால் வைத்து இறங்கியது. புடைத்த நெற்றி. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தபோது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியது.

எலுபியின் கையிலிருந்த கீரை தரையில் விழுந்தது. அந்தப் புருவத்தை அவள் பாயில் படுத்துப் பார்த்திருக்கிறாள்.

"பேரு என்னம்மா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"யான்கோ."

"அம்மா பேரு?"

"எம்மலியா. பலகாரம் சுடுவாங்க. செத்துட்டாங்க."

"அப்பா?"

"அவரும்தான். முதல்ல அவரு."

பிள்ளைக்கு அப்பன் பேர் கேட்டால் 'அப்பா' என்றுதான் சொல்லத் தெரிந்தது. தாய்வழியிலும் இந்தப்பக்கம் யாருமில்லை. சிஸ்டர் அவளுக்கு ஜன்னலோரக் கட்டிலைக் கொடுத்தார். சிவப்புப் போர்வை ஒன்றும் கொடுத்தார். எலுபி வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் சீட்டில் பார்த்துச் சொன்ன பிறந்த மாதத்தை வைத்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். உலேமுவைவிட இந்தப் பெண் இரண்டு மாதம்தான் இளையவள். அப்படியானால் அவன் வீட்டைவிட்டுப் போகும் முன்பே, உரலடியில் சிரித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே! அன்று களி அடிப்பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு எலுபியின் அகப்பைக்குக் கண் முளைத்தது. மற்ற பிள்ளைகளுக்குச் சட்டியின் அடியிலிருந்து துவரை வரும். யான்கோவின் தட்டு வந்தால் மேலாக ஓடும் தண்ணீர்க்குழம்புதான் விழும். மீன் வைக்கும் நாளில் அவளுக்குத் தலை. தலைமுடி மழிக்கும் சனிக்கிழமைகளில், அவள் தலையில் மட்டும் பிளேடு கொஞ்சம் அழுந்தும். யான்கோ அழமாட்டாள். புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அது எலுபிக்கு இன்னும் எரியும்.

மாகிரேத்திக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது.

"அந்தப் புள்ளை தட்டுல என்னடி மழை பெஞ்சிருக்கு?"

"எல்லாருக்கும் ஒரே குழம்புதான்."

"ஒரே சட்டி. ஒரே குழம்பு இல்லை. பாரு எலுபி, நீ குறைச்சுப் போடுறதுல அவ சாகமாட்டா. இந்த வயித்தெரிச்சல்ல நீதான் சாவ."

"எரியத்தான் செய்யும் அக்கா. அவங்க அம்மா என் புருஷனைத் தின்னா. இப்ப பொண்ணு நான் சமைச்சதைத் தின்னுறா. நான் மிதிச்ச மண்ணுல எழும்புன சுவருக்குள்ள மெத்தையில தூங்குறா. என் பொண்ணு ஒழுகுற கூரைக்குக் கீழ மூலை மூலையா பாயை இழுத்துக்கிட்டு அலையுறா. நீயா இருந்தா பாட்டுப் பாடுவியா?"

மாகிரேத்தி துணியைப் பிழிந்தாள்.

உலேமு சில நாள் பள்ளி விட்டதும் அம்மாவைத் தேடி இல்லத்துக்கு வருவாள். ஜன்னல் வழியாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் வீட்டில் களியை உருட்டிக்கொண்டே கேட்டாள்:

"அம்மா, நீ செத்துப்போனா எனக்கும் அங்க கட்டில் குடுப்பாங்களா?"

விஷமமாகக் கேட்கவில்லை. மழை எப்போது வரும் என்று கேட்பதுபோல் கேட்டாள். எலுபி கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"குடுப்பாங்க" என்றாள் கடைசியில். "சாப்பிடு."

மறுநாள் காலை நேராகச் சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் மொடெஸ்தா வடக்குப் பக்கத்துக்காரர், நெடிய உடம்பு, மெல்லிய குரல். கிடங்கில் சோப்பை அரிந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், என் பொண்ணையும் உள்ள சேத்துக்குங்க. அவளுக்கும் அப்பன் இல்லை."

"அவளுக்கு நீ இருக்கியே எலுபி."

"அதான் குத்தமா? நான் உசுரோட இருக்கறதுதான் என் பொண்ணுக்குக் கேடா? செத்தவ புள்ளைக்குப் போர்வை, இருக்கறவ புள்ளைக்குக் கோணியா? சாமி இதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரா?"

சிஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ கேக்குறது நியாயம்தான். ஆனா என்கிட்ட கட்டில் இல்லைம்மா. ஒரு கட்டில்ல ரெண்டு புள்ளையைப் போட ஆரம்பிச்சுட்டேன்."

நியாயம் என்று சொன்னதுதான் எலுபிக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

இல்லத்தை மந்திரிக்க பிஷப் வரும் நாள் குறித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் காலர் வைத்த நீலக் கவுன் வந்து இறங்கியது. சிஸ்டர் அவரவர் கட்டிலில் அவரவர் கவுனை விரித்துவைத்தார். விழாவன்று காலை, பிள்ளைகள் குளியலில் இருந்தபோது எலுபி துடைப்பத்தோடு உள்ளே போனாள். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கவுனைத் தொட்டாள். துணி குளிர்ந்திருந்தது. தோளுக்குத் தோள் அளந்தால் உலேமுவுக்குத் தைத்ததுபோல் இருந்தது. அவள் யோசித்து எடுத்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பாதையில் பாதி தூரம் போன பிறகுதான், இடுப்புத் துணிக்குள் அது இருப்பது அவளுக்கே உறைத்தது. உறைத்தபிறகும் திரும்பவில்லை.

"ஏதும்மா இது?" என்றாள் உலேமு.

"மிஷன்ல குடுத்தாங்க. போட்டுக்க. கோயில்ல பின்னாடி நில்லு, முன்னாடி வராத."

எட்டு வயதுப் பெண்ணுக்குப் புதுக் கவுனைப் போட்டுவிட்டுப் பின்னாடி நில் என்றால் நிற்பாளா? மேளம் கேட்டதும் உலேமு முன்வரிசைக்கு ஓடிவந்துவிட்டாள். அங்கே பழைய பாவாடையில், கவுன் காணாமல்போன எரிச்சலில் நின்றிருந்தாள் யான்கோ. அவள் கவுனைப் பார்த்தாள். காலர் ஓரத்தில் சிஸ்டர் அவரவர் அடையாளத்துக்குத் தைத்துவைத்த மஞ்சள் நூலைப் பார்த்தாள். யாரிடமும் புகார் சொல்லவில்லை. பாய்ந்து உலேமுவின் தோளைக் கடித்தாள்.

உலேமு அவள் காதைப் பிடித்து இழுத்தாள். இரண்டும் உருண்டன. முந்தின நாள் மழையில் முற்றம் சேறாகக் கிடந்தது. பிஷப் தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். பாட்டுக்காரர்கள் பாட்டை விட்டார்கள். இழுத்துப் பிரித்தபோது இரண்டு பேரும் தலைமுதல் கால்வரை ஒரே சேற்று நிறம். ஒரே புடைத்த நெற்றி. இரண்டு பேருக்கும் ஒரு புருவம் மட்டும் மேலே.

கொத்தனார் கபோலா கூட்டத்திலிருந்து பெரிதாகச் சிரித்தார். லைசனோடு சேர்ந்து குடித்தவர் அவர். "அடடே! செத்துப்போன லைசன் ரெண்டா வந்து சண்டை போடுறான்டா!"

கூட்டம் சிரித்தது. பிறகு ஒவ்வொரு தலையாக எலுபியைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர் அவளைக் கிடங்குக்கு அழைத்தார்.

"கவுனை நீதானே எடுத்த?"

"ஆமா."

"ஏன்னு கேக்கமாட்டேன். சமையல் வேலை இனி வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் தோட்டத்துல கொத்து. இன்னொண்ணு கேக்கணும், உண்மையைச் சொல்லு. அந்தப் புள்ளை உன் புருஷனோடதா? நீ ஆமான்னு சொன்னா அவளுக்கு ஒரு வீடு இருக்குன்னு அர்த்தம். விதிப்படி உன்கூட அனுப்பணும்."

எலுபி அண்ணாந்து பார்த்தாள். கட்டில் போய்விடும். சிவப்புப் போர்வை போய்விடும். இத்தனை நாள் அவள் கேட்டது அதுதானே? ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், லைசன் தன்னைத் துறந்து இன்னொருத்தியிடம் பிள்ளை பெற்றான் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகும். எம்மலியாவின் மகளுக்கு லைசனின் பேரைத் தானே எடுத்துக் கொடுத்ததாகும்.

"இல்லை" என்றாள். "எனக்கும் அவளுக்கும் ஒண்ணுமில்லை. உலகத்துல ஒரே மாதிரி நெத்தி எத்தனையோ இருக்கு."

சிஸ்டர் கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யான்கோ தன் கட்டிலிலேயே இருந்தாள். எலுபி வெயிலில் மண் கொத்தினாள்.

விநோதம் என்னவென்றால், கடி வாங்கிய உலேமு அந்தக் கடியை ஊரெல்லாம் காட்டிப் பெருமை அடித்தாள். "எங்க அப்பா பொண்ணு கடிச்சது" என்றாள். பள்ளி விட்டால் வீட்டுக்கு வருவதில்லை. இல்லத்து மாமரத்தடியில் யான்கோவோடு பல்லாங்குழி தோண்டி உட்கார்ந்துவிடுவாள். எலுபி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட்டால், "நீ போம்மா, வரேன்" என்பாள். புருஷன் போனான் சரி, இப்போது மகளுமா? அந்த வேதனை புதிதாக இருந்தது. பழையதைவிடக் கூராக இருந்தது.

மக்காச்சோள அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால், மொசாம்பிக்கிலிருந்து ஒருவன் மிஷனுக்கு வந்தான். பேர் அவுகுஸ்தோ. எம்மலியாவின் அண்ணன். சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிவிட்டதாகச் சொன்னான். தங்கை மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறான். அந்தப்பக்கத்து வழக்கத்தில் பிள்ளை தாய்மாமனுக்குத்தான். அப்பன் வீட்டுக்கு அதில் பேச்சே இல்லை. சிஸ்டருக்கு அவனைப் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்க ஒரு வழியும் தெரியவில்லை. ஊர்த்தலைவரை வரவழைத்தார். மாமரத்தடியில் பேச்சு நடந்தது. தோட்டத்தில் கொத்திக்கொண்டிருந்த எலுபிக்கு எல்லாம் கேட்டது.

"புள்ளையை என்ன செய்யப்போற?" என்றார் தலைவர்.

"என் பொண்டாட்டிக்கு ரெட்டைக் குழந்தை. தூக்கிவெச்சுக்க ஆள் வேணும். வயசுக்கு வந்தா கட்டிக்குடுக்க ஆள் இருக்கு. பேசி வெச்சிருக்கேன்."

"பள்ளிக்கூடம்?"

"பொம்பளைப் புள்ளைக்கா?" என்று சிரித்தான் அவன்.

யான்கோ மரத்தின் மறுபக்கம் நின்றிருந்தாள். உலேமு அவள் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவுகுஸ்தோ எழுந்து வந்து யான்கோவின் மற்றொரு கையைப் பிடித்தான்.

எலுபிக்கு என்ன ஆயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. யான்கோ மேல் இரக்கம் வந்துவிட்டதாகப் பிறகு ஊர் பேசியது. எலுபி அதை ஒத்துக்கொண்டதே இல்லை. அவள் கண்ணில் பட்டது அந்த மனிதனின் முகம்தான். அப்படியே எம்மலியாவின் மூக்கு, எம்மலியாவின் வாய். அந்த வாய் மறுபடி ஒரு தடவை, கேட்காமல், தன் வீட்டுப் பொருள்மேல் கை வைக்கிறது. மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"கையை எடு."

"நீ யாரு?"

"உன் தங்கச்சி என் வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போனாளே, அந்த வீட்டுக்காரி. அவ கொண்டுபோனது போதாதா? மிச்சத்தை எடுத்துட்டுப்போக நீ வேற வந்துட்டியா?"

"இவ என் தங்கச்சி புள்ளை. நான் தாய்மாமன்."

"தாய்மாமனா! அவ நோயில கிடந்தப்ப ஒரு வாய் கஞ்சி ஊத்த வந்தியா? அடக்கத்துக்கு வந்தியா? ஒரு பிடி மண்ணு போட்டியா? தோட்டத்துக்காரங்க பாயில சுருட்டிப் புதைச்சாங்களாம். அப்ப எங்கடா போயிருந்த, மாமா? உன் புள்ளையைத் தூக்க ஆள் வேணும்னதும் தங்கச்சி ஞாபகம் வந்துருச்சா?"

மாகிரேத்தி வாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினாள். அவுகுஸ்தோ தலைவரைப் பார்த்தான். "இந்தப் பொம்பளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

தலைவர் எலுபியைப் பார்த்தார். "சொல்லும்மா. என்ன சம்பந்தம்?"

சிஸ்டரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எலுபி மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள்.

"இது லைசன் பொண்ணு. கண்ணு இருக்கறவங்க பாருங்க. நான் லைசன் கட்டுனவ. அப்ப நான் இவளுக்குப் பெரியம்மா."

சொல்லிவிட்டாள். கபோலா எங்கிருந்தோ, "நான் அன்னிக்கே சொன்னேன்ல!" என்று கத்தினார்.

தலைவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். அடக்கத்துக்கு வராதவன் பிள்ளைக்கு வரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அவுகுஸ்தோ ஏதேதோ சாபம் இட்டுக்கொண்டு போனான். பிறகு திரும்பி வரவில்லை.

சிஸ்டர் எலுபியின் பக்கத்தில் வந்தார். "எலுபி, சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது, தெரியுமில்லை?"

"தெரியும் சிஸ்டர். விதி உங்களுது."

"சமையலறைக்கு நாளைக்கே வந்துரு. போர்வையை அவ எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

யான்கோ மூட்டையோடு மலைப்பக்கத்து வீட்டுக்கு வந்தாள். ஜன்னலோரக் கட்டில் அன்றைக்கே வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. ஒழுகுகிற கூரைக்குக் கீழே உலேமு பாயின் நல்ல பக்கத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். அதைப் பார்த்து எலுபிக்கு வயிறு ஒரு தடவை எரிந்தது. ஆனால் தட்டில் குழம்பு ஊற்றும்போது இரண்டு தட்டுக்கும் அடியிலிருந்துதான் ஊற்றினாள். தன் வீட்டுச் சட்டியில் குறைத்து ஊற்றினால், நாளைக்கு ஊருக்கு முன்னால் 'பெரியம்மா' என்று எப்படி நிற்பது?

மறு வருஷம் மிஷன் ஆட்கள் வந்து அவள் வீட்டுக்குத் தகரம் போட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே வகுப்பில் படித்தார்கள். யான்கோ முதலாவதாக வந்தாள், உலேமு நடுவில் வந்தாள். அதற்கும் எலுபிக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. யான்கோ அவளை 'பெரியம்மா' என்றுதான் கூப்பிட்டாள். 'அம்மா' என்ற சொல்லை அவள் வேறொருத்திக்கு எடுத்துவைத்திருந்தாள். எலுபி அதைக் கவனித்தாள்.

எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது சாயங்காலங்கள்தான். அடுப்பில் களி கொதிக்கும். வாசலில் இரண்டு பெண்களும் துவரை உரிப்பார்கள். அப்பனைப் பார்த்தே இராத உலேமு கேட்டுக்கொண்டே இருப்பாள், யான்கோ சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா சைக்கிள் கம்பியில் தன்னை உட்காரவைத்துத் தேயிலைத் தோட்டம் வழியாக ஓட்டியது, நாய் துரத்தியபோது பயந்து பாட்டை உரக்கப் பாடியது, காய்ச்சலில் கிடந்தபோதும் சிரிப்புக் காட்டியது. எலுபியோடு அவன் வாழ்ந்தது குறைச்சல். அந்தப் பெண்ணிடம் அவன் விட்டுப்போனது அதிகம். எலுபி துடுப்பை ஓங்கி ஓங்கிக் கிண்டுவாள். நிறுத்துங்கடி என்று சொல்ல வாய் வரும். சொல்லமாட்டாள்.

ஒரு நாள் யான்கோ சொன்னாள்: "நசோம்பேல ஒரு உரல் இருக்கு, அந்த உரல்காரி மாதிரி சிரிக்கிறவங்களை எங்கயும் பாத்ததில்லைன்னு அப்பா சொல்லுவாரு."

"பொய்" என்றாள் எலுபி உள்ளேயிருந்து. "அந்த ஆளு அப்படிச் சொல்லியிருக்கமாட்டாரு."

"சொன்னாரு, பெரியம்மா. அம்மாவும் பக்கத்துலதான் இருந்தாங்க. அவங்களுக்குக் கோவம் வந்துருச்சு."

களி கொப்புளித்து எலுபியின் மணிக்கட்டில் தெறித்தது. துடைத்துக்கொண்டாள்.

"கோவப்பட்டாளா?" என்றாள். "எவ்வளவு கோவம்? சொல்லு, கேப்போம்."